உழைப்போர் பயணமும் ஊர்ப் பேருந்தும்

ஒரு சமுதாயம் தன் வழிப்போக்கரை எவ்வாறு நடத்துகின்றது என்பதைக் கொண்டே அதன் பண்பாட்டை அளந்தறியலாம். தமிழில் வழிகாட்டுவதற்கென்றே ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை தோன்றியது. கூத்தராற்றுப்படை என்று பெயர் பெறும் மலைபடுகடாத்தையும் சேர்த்தால், பத்துப்பாட்டு நூல்களுள் சரிபாதி ஆற்றுப்படைகளே. பரிசில் பெற்று மீளும் ஒருவன், எதிரே வரும் வறியவனை நிறுத்தி, எவ்வழியே செல்வது, எங்கே தங்குவது, எங்கே உண்பது என்பனவற்றையெல்லாம் எடுத்துரைக்கின்றான். இக்கால வழக்கில் கூறின், அவன் தருவன வழித்தடமும் கால அட்டவணையுமே.

இசுலாமிய நெறியும் வழிப்போக்கருக்குத் தனியிடம் தந்துள்ளது. சகாத் பெறுவதற்குரிய எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒரு வகையினர். பயணத்தில் இருப்போர் தொழுகையைச் சுருக்கிக் கொள்ளலாம். நோன்பைப் பின்னொரு நாளில் நோற்கலாம். இறைவழிபாட்டிலேயே பயணியின் களைப்புக்கு இடமளித்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், உலகியல் நடைமுறையில் அக்களைப்பைக் கருதாதிருத்தல் தகுமா?

நம் தென்பாண்டிச் சீமையில் இந்த உணர்வு கல்லிலும் மண்ணிலும் வடிவம் பெற்றிருந்தது. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரைத் தென்மாவட்டச் சாலைகளும் சத்திரங்களும் இன்றும் தாங்கி நிற்கின்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாகச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நட்டனர் நம் முன்னோர். தலைச்சுமையோடு நடப்பவன் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி வைத்து இளைப்பாற வேண்டும் என்று எண்ணிய மனம் எத்துணை நுட்பமானது! அந்த நுட்பம் இன்றைய பேருந்து நிறுத்தத்தில் உண்டா என்பதே இக்கட்டுரையின் வினா.

இரு நகரங்களும் ஒரு சாலையும்

இவ்வினாவை ஆராய்வதற்கு இராசபாளையத்தையும் திருவில்லிபுத்தூரையும் எடுத்துக் கொள்வோம். விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தவை இவ்விரு நகரங்கள். திருமங்கலத்திலிருந்து தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை இரண்டையும் இணைக்கின்றது.

ஒன்று பஞ்சாலை நகரம். 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராசபாளையம் மில்லைத் தோற்றுவித்த பிறகு அந்நகரின் வாழ்வு ஆலைச் சங்கின் ஒலியோடு இணைந்தது. மற்றொன்று ஆண்டாள் திருத்தலம். பால்கோவாவுக்குப் பெயர் பெற்றது. மாவட்ட நீதிமன்றம் அமைந்தது. ஒன்றில் வேலை, மற்றொன்றில் வீடு என்று வாழ்வோர் பலர். ஆலைத் தொழிலாளி, நீதிமன்றப் பணியாளர், அரசு மருத்துவமனைச் செவிலியர், நகராட்சித் தூய்மைப் பணியாளர், பள்ளி ஆசிரியர், கடைச் சிப்பந்தி, பூ விற்கும் மூதாட்டி ஆகிய அனைவரையும் இச்சாலை நாள்தோறும் சுமந்து செல்கின்றது.

இவ்விடத்தில் சத்திரப்பட்டியைப் பற்றியும் கூற வேண்டும். இராசபாளையத்தை அடுத்த இவ்வூரும் இதன் சுற்றுப்புறச் சிற்றூர்களும் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்வதில் புகழ் பெற்றவை. நாட்டின் எத்தனையோ மருத்துவமனைகளில் காயத்தைக் கட்டும் வெண்துணி இங்குள்ள விசைத்தறிகளில் உருவாகின்றது. பெயரிலேயே வழிப்போக்கர்க்கு உரிய சத்திரத்தைத் தாங்கிய ஊர் இது. இங்கு நோயாளிக்குத் துணி நெய்பவரும் வேலை முடிந்து வீடு திரும்பப் பேருந்தைத்தான் எதிர்நோக்குகின்றார்.

இன்றியமையாப் பணியாளர் யாவர்?

2020 மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, அதுவரை நாம் அதிகம் எண்ணிப் பாராத ஒரு சொற்றொடர் வழக்கிற்கு வந்தது. 'அத்தியாவசியப் பணியாளர்' என்பதே அது. எல்லாரும் வீட்டிற்குள் அடங்கியபோதும் வெளியே செல்ல வேண்டியிருந்தவர் யாவர் என்ற வினாவுக்கு அச்சொல் விடை தந்தது. மருத்துவரும் செவிலியரும் மட்டுமல்லர். குப்பை அள்ளுவோர், குடிநீர் திறந்து விடுவோர், மின்கம்பத்தில் ஏறுவோர், பால் கொணர்வோர், மருந்துக் கடையில் நிற்போர் என அப்பட்டியல் நீண்டது. சமுதாயத்தின் மேல்தட்டில் உள்ளோர் சில மாதங்கள் வாராதிருந்தாலும் ஊர் இயங்கும். இவர்கள் ஒருநாள் வாராவிடின் ஊர் நாறும் என்னும் உண்மை அன்று வெளிப்பட்டது.

அக்காலத்தில் தமிழ்நாட்டில் பொதுமக்களுக்கான பேருந்துகள் நிறுத்தப்பட்டிருந்தன. ஆயினும் இப்பணியாளர்களுக்கெனப் பல இடங்களில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தனிப் பேருந்துகளை இயக்கின. மருத்துவமனையின் பணி நேரத்தைக் கேட்டறிந்து, அந்நேரத்திற்கேற்பப் பேருந்து புறப்பட்டது. அதே 2020ஆம் ஆண்டில் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயர் 'தூய்மைப் பணியாளர்' என மாற்றப்பட்டது. கைதட்டினோம், மலர் தூவினோம், பெயரையும் மாற்றினோம். இவை யாவும் வரவேற்கத்தக்கனவே. ஆனால் பெருந்தொற்று நீங்கியதும் பேருந்தின் நேரம் மட்டும் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. நாம் கேட்பது புதிய பட்டம் அன்று. விடியற்காலையில் ஒரு பேருந்து. அவ்வளவே.

வந்த வழி

இன்றைய நிலையைப் புரிந்து கொள்ளச் சற்றே பின்னோக்குதல் நன்று. மதுரை வட்டாரத்தில் ஒரு காலத்தில் டி.வி.எஸ். நிறுவனத்தின் பேருந்துகள் ஓடின. அப்பேருந்து வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக் கொள்வார்கள் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் கூறக் கேட்கின்றோம். 1972இல் தனியார் பேருந்துகள் அரசுடைமையாக்கப்பட்டு, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. இலாபம் தரும் தடத்தில் மட்டுமன்றி, இலாபம் தாராத சிற்றூருக்கும் பேருந்து செல்ல வேண்டும் என்பது அரசுடைமையின் நோக்கம். அந்நோக்கத்தால் தமிழ்நாட்டின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் பேருந்து சென்றது. இன்று எட்டுப் போக்குவரத்துக் கழகங்கள் ஏறத்தாழ 20,000 பேருந்துகளை இயக்குகின்றன. இது எளிய சாதனையன்று.

ஆனால் இம்மாவட்டத்துப் பேருந்து வரலாற்றில் துயரமான ஓர் அத்தியாயமும் உண்டு. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அறிவிக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்கள் போற்றும் வீரர் ஒருவரின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று மறுத்தவர்களும் இருந்தனர். பகை மூண்டது, வன்முறை பரவியது. இறுதியில் அவ்வாண்டே எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. காமராசர் மாவட்டம் என்றிருந்த இம்மாவட்டமும் விருதுநகர் மாவட்டமாயிற்று.

அந்நிகழ்ச்சியை இங்கு நினைவூட்டுவது பழம்புண்ணைக் கிளறுவதற்கன்று. பேருந்து என்பது வெறும் இரும்பும் இரப்பரும் அன்று. தோளோடு தோள் உரச அமர்ந்து செல்லும் ஒரு சமத்துவக் கூடம். தொழுகை வரிசையில் செல்வரும் வறியரும் அருகருகே நிற்பதைப் போன்று, பேருந்தின் இருக்கையிலும் எல்லாரும் அருகருகே அமர்கின்றனர். அதனாலேயே சாதி மனம் அன்று பேருந்தைக் கண்டு அஞ்சியது. அமெரிக்க நாட்டின் மாண்ட்கோமரி நகரில் 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள் நடைபெற்ற பேருந்துப் புறக்கணிப்பும் இருக்கையில் சமத்துவம் கோரியதே. அதில் பங்கேற்று நாள்தோறும் நடந்தே வேலைக்குச் சென்றவர்களுள் வீட்டுவேலை செய்யும் பெண்கள் பலர். பேருந்தின் மேல் எழுதப்பட்ட பெயருக்காக நம் மாவட்டம் குருதி சிந்தியது. அப்பேருந்து வரும் நேரத்திற்காக நாம் ஒருமுறையேனும் ஒன்றுகூடிக் குரல் கொடுத்தோமா?

கட்டணமில்லாப் பயணமும் கிடைக்காத பேருந்தும்

2021 மே 8 முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. பின்னர் அது திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 2023இல் இதற்கு 'விடியல் பயணம்' என்று பெயரிடப்பட்டது. இத்திட்டத்தால் பயன்பெறும் பெண் ஒருவர் மாதந்தோறும் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகின்றார் என மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு தெரிவித்தது. ஆலையிலும் கடையிலும் உழைக்கும் பெண்ணுக்கு இது சிறு தொகையன்று. ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவு இதனுள் அடங்கும். ஒரு முதியவரின் மருந்துச் செலவு அடங்கும்.

எனினும் ஒன்றை நோக்குதல் வேண்டும். கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்துக்கு மட்டுமே உரியது. இராசபாளையம் – திருவில்லிபுத்தூர் சாலையிலோ மதுரைக்கும் தென்காசிக்கும் செல்லும் புறநகர்ப் பேருந்துகளும் மிகுதி. அவற்றில் ஏறினால் கட்டணம் செலுத்த வேண்டும். இடைநில்லாப் பேருந்தாயின் வழியில் உள்ள விலக்குகளில் நில்லாது. எனவே, கண்முன்னே பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்ல, நகரப் பேருந்து எப்போது வரும் எனப் பெண்கள் காத்து நிற்கும் நிலை எழுகின்றது. கையில் காசில்லாதவர் நேரத்தைச் செலவிடுகின்றார். நேரமில்லாதவர் காசைச் செலவிடுகின்றார். இரண்டும் இல்லாதவர் என் செய்வார்? பகிர்வு ஆட்டோவில் நெருக்கியடித்து ஏறுகின்றார். அன்றி வேலையை விட்டு வீட்டில் இருந்துவிடுகின்றார்.

திட்டத்தின் பெயர் விடியல் பயணம். விடியற்காலையில் வேலைக்குச் செல்வோருக்குப் போதிய பேருந்து கிடைக்கின்றதா என்று கேட்பதில் தவறில்லை.

நேரமே நெஞ்சம்

அலுவலகம் செல்வோருக்கும் முறைப்பணி செய்வோருக்கும் உள்ள வேறுபாட்டைப் போக்குவரத்துத் திட்டமிடுவோர் நன்கு உணர வேண்டும். அலுவலகம் செல்பவர் காலை ஒன்பது மணிக்குப் புறப்படுகின்றார். அந்நேரத்தில் பேருந்துகள் மிகுதி. பஞ்சாலையோ மூன்று ஷிப்டுகளில் இயங்குகின்றது. மருத்துவமனையில் இரவுப் பணி உண்டு. தூய்மைப் பணி கதிரவன் எழுமுன் தொடங்குகின்றது. இவர்களுக்குப் பேருந்து தேவைப்படுவது ஊர் உறங்கும் வேளையில்தான்.

முறைப்பணியில் ஐந்து மணித்துளித் தாமதம் ஐந்து மணித்துளியோடு நின்றுவிடுவதில்லை. வாயிற்கதவு மூடப்பட்டால் அன்றைய கூலி போயிற்று. சில மாதங்கள் தொடர்ந்து வந்தவர்க்குக் கிடைக்கும் வருகை ஊக்கத்தொகையும் உடன் போயிற்று. மருத்துவமனையிலோ அடுத்தவர் வரும்வரை இரவு முழுதும் விழித்திருந்த செவிலியர் இடம் விட்டு நகர இயலாது. ஒரு பேருந்தின் தாமதம் இரு பெண்களின் நாளைக் கெடுக்கின்றது, நோயாளியையும் வருத்துகின்றது.

இன்னொரு கொடுமையும் உண்டு. இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்புவோர் பேருந்து ஏறும் காலை நேரமும், பள்ளி கல்லூரி மாணவர்கள் பேருந்து ஏறும் நேரமும் நெருங்கி வருகின்றன. இரவெல்லாம் நின்று உழைத்தவர், நெரிசலில் கம்பியைப் பற்றிக்கொண்டு கண்கள் சொருக மீண்டும் நிற்கின்றார். கடைகளில் பணிபுரிவோர் அமர்வதற்கு இருக்கை தரப்பட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் திருத்தச் சட்டம் இயற்றியது. வேலை செய்யும் இடத்தில் அமரும் உரிமை பெற்றவர், வேலைக்குச் செல்லும் வழியில் நின்றே காத்திருந்து, நின்றே பயணம் செய்தல் முறையோ?

சட்டம் இதனை அறியாததன்று. பெண்கள் தொழிற்சாலைகளில் இரவில் பணிபுரிவதற்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்திருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் நீக்கியது. அவ்வாறு நீக்கியபோது, போக்குவரத்து வசதி முதலான பாதுகாப்பு நிபந்தனைகளையும் விதித்தது. வேலை உரிமையும் வீடு திரும்பும் வழியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை நீதிமன்றம் உணர்ந்திருந்தது. பேராலைகள் சில, தம் சொந்த வண்டிகளில் தொழிலாளரை அழைத்து வருகின்றன. ஆனால் சிறு விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்பவருக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கும் அவ்வசதி ஏது? அவர்களுக்கு அரசுப் பேருந்தே ஆலை வண்டி.

இங்கிலாந்து நாட்டில் 1883இலேயே மலிவுக் கட்டணத் தொடர்வண்டிச் சட்டம் என ஒன்று இயற்றப்பட்டது. தொழிலாளர் வேலைக்குச் சென்று திரும்பும் பொருட்டு, மாலை ஆறு மணி முதல் காலை எட்டு மணி வரையிலான நேரத்தில் குறைந்த கட்டணத்தில் வண்டிகளை இயக்குமாறு தனியார் தொடர்வண்டி நிறுவனங்களை அச்சட்டம் பணித்தது. கட்டணத்தைக் குறைத்தல் மட்டும் போதாது. உரிய நேரமும் வேண்டும் என்பதை அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டறிந்தது. கட்டணத்தை அறவே நீக்கி அவர்களையும் விஞ்சிய நாம், நேரத்திலும் அவர்களை எட்ட வேண்டாவா?

இயலாதது அன்று

இவையெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாதன என்று கூறுவோர் உளர். போக்குவரத்துக் கழகங்கள் பெரும் இழப்பில் இயங்குகின்றன; அதிகாலையிலும் நள்ளிரவிலும் பத்துப் பேருக்காகப் பேருந்து இயக்கினால் எரிபொருள் செலவுக்கும் வருவாய் காணாது என்பர். இக்கூற்றைப் புறந்தள்ள இயலாது. ஓட்டுநர், நடத்துநர் பற்றாக்குறையும் மெய்யே. ஆயினும் மூன்று செய்திகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவது: நாம் கேட்பது பெரும்பாலும் புதிய பேருந்து அன்று, இருக்கின்ற பேருந்தின் நேர மாற்றம். பத்து மணித்துளி முன்னே வந்து காலியாகவே கடந்து செல்லும் ஒரு நடை, பத்து மணித்துளி பின்னே வந்தால் நிறையும்.

இரண்டாவது: இதனைச் செய்யும் ஆற்றல் நம் கழகத்திற்கு உண்டு என்பதை ஆண்டுதோறும் காண்கின்றோம். திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்திற்கும், சதுரகிரி ஆடி அமாவாசைக்கும் சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படுகின்றன. பெருந்திரளான மக்கள் கூடும் நாளையும் நேரத்தையும் முன்னறிந்து, பல கிளைகளின் பேருந்துகளை ஒருங்கு திரட்டி, அதிகாரிகள் சாலையில் நின்று ஒழுங்குபடுத்துகின்றனர். பாராட்டுக்குரிய பணி அது. திருவிழா ஆண்டுக்கு ஒருமுறை; ஷிப்டோ நாளுக்கு மும்முறை. ஒருமுறை வருவதற்குச் செய்ய முடிந்ததை நாள்தோறும் வருவதற்கு ஏன் செய்யலாகாது?

மூன்றாவது: இழப்பு என்பதை எவ்வாறு கணக்கிடுவது என்னும் வினா. ஒரு நடையின் வசூலை மட்டும் நோக்கினால் அது இழப்பாகத் தோன்றும். அப்பேருந்து இல்லாமையால் ஒரு பெண் வேலையை விடுவதும், ஒரு தெருவில் குப்பை தேங்குவதும், ஒரு பிரிவில் செவிலியர் குறைவதும் எந்தக் கணக்கேட்டில் எழுதப்படுகின்றன? தெருவிளக்கு இலாபம் தருகின்றதா என்று எவரும் கேட்பதில்லை.

நாம் முன்வைக்கும் கருத்துகள்

குறையை மட்டும் கூறி அமைதல் கற்றோர்க்கு அழகன்று. எனவே நம் சிந்தைக்கு எட்டிய சிலவற்றை இங்கு வரிசைப்படுத்துகின்றோம்.

1. இரு நகரங்களிலும் உள்ள ஆலைகள், மருத்துவமனைகள், நகராட்சிகள் ஆகியன தத்தம் பணி தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் எழுத்து வடிவில் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர்களுக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை தருதல் வேண்டும். பணி தொடங்குவதற்கு இருபது மணித்துளி முன்னர் ஒரு நடை சென்று சேருமாறும், முடிந்த இருபது மணித்துளிக்குள் ஒரு நடை புறப்படுமாறும் அட்டவணை அமைதல் வேண்டும்.

2. பேருந்தோ பணியாளரோ குறையும் நாள்களில் நடைகள் நிறுத்தப்படுவது தவிர்க்க இயலாததாகலாம். அவ்வாறாயினும் நாளின் முதல் நடையையும் கடைசி நடையையும் எக்காரணம் கொண்டும் நிறுத்தலாகாது. பகலில் ஒன்று தவறினால் மற்றொன்றில் ஏறலாம்; கடைசிப் பேருந்து தவறினால் இருளைத் தவிர வேறு துணையில்லை.

3. அதிகாலையிலும் பின்னிரவிலும் இவ்விரு நகரங்களுக்கு இடையே செல்லும் புறநகர்ப் பேருந்துகள், மருத்துவமனை, ஆலை வாயில், முதன்மையான விலக்குகள் ஆகிய இடங்களில் நின்று செல்ல ஆணையிட வேண்டும். நகரப் பேருந்து இல்லாத அந்நேரங்களில் இக்குறுந்தொலைவுக்கு மட்டும் மகளிர் கட்டணமில்லாப் பயணத்தைப் புறநகர்ப் பேருந்துகளிலும் ஆய்வு முறையில் அளித்துப் பார்க்கலாம். நான்குவழிச் சாலை ஊர்களைப் புறத்தே விட்டுச் செல்லும் இக்காலத்தில், விரைவை நாடிப் பேருந்துகள் ஊருக்குள் வாராது செல்லும் வழக்கம் தோன்றிவிடாதபடி இப்போதே காத்தல் நன்று.

4. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேருந்து வரும் நேரத்தைப் பிழையற்ற தமிழில், தொலைவிலிருந்தும் படிக்கத்தக்க பேரெழுத்தில் எழுதி வைத்தல் வேண்டும். திறன்பேசியில் நேரம் காட்டும் வசதி வளர்ந்து வருவது நன்றே. எனினும் பூ விற்கும் மூதாட்டிக்குப் பலகையே போதுமானது.

5. நிழற்குடைகளில் அவற்றை அமைக்க நிதி தந்தோரின் பெயர்ப்பலகை பெரிதாகவும் இருக்கை சிறிதாகவும் இருத்தலைக் காண்கின்றோம். இவ்வளவை மாற்றியமைத்தல் நலம். விளக்கு, குடிநீர், பெண்களுக்கான தூய கழிப்பிடம் ஆகியன இரவிலும் பயன்பாட்டில் இருத்தல் வேண்டும்.

6. ஓட்டுநரும் நடத்துநரும் இன்றியமையாப் பணியாளரே. விடியற்காலை முதல் நடை ஒழுங்காகப் புறப்பட வேண்டுமாயின், முன்னிரவில் சிற்றூரில் தங்கும் பேருந்தின் பணியாளருக்குப் படுக்கவும் குளிக்கவும் இடம் வேண்டும். பேருந்தின் இருக்கையிலேயே கொசுக்கடியில் உறங்கி எழுபவரிடம் இன்சொல்லையும் விழிப்பையும் எதிர்பார்ப்பது எங்ஙனம்? காலிப் பணியிடங்களைக் காலத்தே நிரப்புதலும் இதனுள் அடங்கும்.

7. பெரும்பேருந்து செல்ல இயலாத சிற்றூர்களுக்கென 1997இல் சிற்றுந்துத் திட்டம் தொடங்கப் பெற்றது. 2025இல் 25 கிலோமீட்டர் வரையிலான தடங்களுக்குப் புதிய விரிவான திட்டம் நடைமுறைக்கு வந்தது. சத்திரப்பட்டி, சேத்தூர், தளவாய்புரம், மம்சாபுரம் முதலிய ஊர்களைச் சுற்றிய குக்கிராமங்களுக்கு இத்திட்டத்தின் பயன் சேருமாறு ஊராட்சிகள் முயல வேண்டும். அத்தடங்களுக்கு உரிமம் தரும்போது பகல் நேர வருவாயை மட்டும் கருதாமல், ஷிப்டு நேரத்து நடையையும் ஒரு நிபந்தனையாக்க வேண்டும்.

நம் கடமை

இவற்றையெல்லாம் அரசே செய்யட்டும் என்று கைகட்டி இருத்தல் நமக்குத் தகாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு.

தமிழ்த்துறை மாணவர்களுக்கு முதலில் ஒன்று கூறுவோம். கள ஆய்வு என்றால் நாட்டுப்புறப் பாடல் திரட்டுதல் மட்டுமே என்று எண்ண வேண்டா. ஒரு வாரம் ஒரு நிறுத்தத்தில் நின்று, எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் காத்திருந்தனர், எத்தனை பேர் ஏற இயலாமல் நின்றனர் என்று குறிப்பெடுங்கள். அவர்களுடைய சொற்களிலேயே அவர்கள் குறையை எழுதிக் கொள்ளுங்கள். அக்குறிப்புகளைத் தெளிந்த தமிழில் விண்ணப்பமாக வரைந்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அளியுங்கள். 'பேருந்து வசதி வேண்டும்' என்னும் பொத்தாம்பொதுவான மனு கோப்பில் உறங்கும். இந்நிறுத்தத்தில், இந்நேரத்தில், இத்தனை பேர் நிற்கின்றனர் என்று எண்ணோடு கூறும் மனுவை ஒதுக்குவது அரிது. எண்ணும் எழுத்தும் கற்றதன் பயன் இதுவன்றோ?

மற்றொன்றும் கூறுவோம். காலைப் பேருந்தில் இருக்கையில் அமர்ந்திருக்கும்போது, அருகே சோர்ந்து நிற்கும் ஒருவர் இரவு ஷிப்டு முடித்து வருபவராக இருக்கக்கூடும் என்பதை நினையுங்கள். எழுந்து இடம் தருவதற்கு அரசாணை வேண்டுவதில்லை. படிக்கட்டில் தொங்குதலை வீரமாகக் கருதாதீர்கள். நீங்கள் வழியை அடைத்து நிற்பதால் ஏற முடியாமல் பின்தங்குபவர், உங்கள் தாயைப் போன்ற ஒருத்தியாக இருத்தல் கூடும்.

சமுதாயப் பெரியவர்களிடம் பணிவுடன் ஒரு வேண்டுகோள். பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளுள் ஒன்றாகக் கருதும் மரபு நம்முடையது. முள்ளும் கல்லும் மட்டுமா இடையூறு? விளக்கில்லாத நிறுத்தமும், இருக்கையில்லாத நிழற்குடையும், வாராத பேருந்தும் இக்காலத்து முட்களே. நம் ஜமாஅத்துகள், கோவில் அறங்காவலர்களோடும் தேவாலயத்தாரோடும் ஆலை உரிமையாளர்களோடும் ஒன்றுகூடி, ஆளுக்கொரு நிறுத்தத்தைப் பொறுப்பேற்றுப் பராமரித்தால் எத்துணைச் சிறப்பாகும்! அன்று பேருந்தின் பெயரால் பிளவுண்ட மாவட்டம், இன்று பேருந்து நிறுத்தத்தின் பெயரால் ஒன்றுபட்டது என்ற நற்பெயரும் கிட்டும்.

ஆலை உரிமையாளர்களும் நிறுவனத்தாரும் பேருந்து தாமதமான நாளில் தொழிலாளிக்குப் பத்து மணித்துளி இரங்கலாம். அதிகாரிகள் மாதம் ஒருமுறை தம் வாகனத்தை விடுத்து, விடியற்காலை முதல் நடையில் பயணம் செய்து பார்க்கலாம். ஆயிரம் மனுக்கள் கூறாததை அவ்வொரு பயணம் கூறிவிடும்.

தெருவைப் பெருக்குபவர், நோயாளியின் அருகே விழித்திருப்பவர், நூல் நூற்பவர், காயத்தைக் கட்டும் துணியை நெய்பவர் ஆகியோரின் உழைப்பின் மேல்தான் நம் அன்றாட வாழ்வு அமைந்துள்ளது. அவர்கள் உரிய நேரத்தில் வந்து சேரவும், அச்சமின்றி வீடு திரும்பவும் வழிசெய்தலைச் சலுகை என்று கருதலாகாது. அது நாம் அவர்களுக்குப் பட்ட கடன். சுமைதாங்கிக் கல் நட்டவர்களின் வழித்தோன்றல்களாகிய நாம், அக்கடனைத் தீர்க்கும் நாள் விரைவில் வருவதாக. வல்ல இறைவன் அதற்குரிய மனத்தையும் வலிமையையும் நம் அனைவர்க்கும் அருள்வானாக!